அவுட்டுன்னா அவுட்டுதான்

தெருக் கிரிக்கெட்டில் சுவர்தான் ஸ்டம்ப். அடுப்புக்கரியால் மூன்று கோடு கிழித்தால் மைதானம் தயார். ஆடும் கூட்டத்தில் எப்போதும் ஒரு பொடியன் இருப்பான். சேர்க்காவிட்டால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் எல்லாரையும் மாட்டிவிடுவான். சேர்த்தால் முதல் பந்திலேயே அவுட்டாவான். அதற்காகவே நம் ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. அவனை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். பந்தை அவனுக்கு உருட்டித்தான் போடுவார்கள். கரிக்கோட்டில் பட்டாலும், "பரவால்லடா, இன்னொண்ணு போடுறேன்" என்பார்கள்.

இரண்டு அண்ணன்களுக்குத் தம்பியாகப் பிறந்த நான் அப்படிச் சில வருடம் ஆடியிருக்கிறேன். ஒரு முழுப்பரீட்சை லீவில் பந்து என் மட்டையைத் தாண்டி நடுக்கோட்டில் பட்டது. பெரிய அண்ணன் பந்தை எடுத்துத் திருப்பிக் காட்டினான். ரப்பரில் கரி ஒட்டியிருந்தது. "அவுட்டுன்னா அவுட்டுதான். மட்டையக் குடு" என்றான். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. தெரு ஓரத்தில் போய் நின்றபோது இனம் தெரியாத ஒரு பெருமிதம் இருந்தது. அன்றுதான் என் தப்பு முதன்முதலாகக் கணக்கில் ஏறியது.

வீடியோ கேம் ஆடுகிறவர்களிடையே ஹார்ட்கோர், கேஷுவல் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. எந்த ஆட்டம் எந்த வகை என்பதில் சண்டைக்குக் குறைவே இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கரி ஒட்டிய பந்துதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் நிற்பதில்லை. துப்பாக்கி, ரத்தம் இருந்தால் ஹார்ட்கோர், மிட்டாயும் பழமும் இருந்தால் கேஷுவல் என்பது மேல்பூச்சைப் பார்த்துச் சொல்வது. மணிக்கணக்கில் ஆடினால் ஹார்ட்கோர் என்பார்கள். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டம் உலகெங்கும் அலுவலகங்களில் தின்ற மணிநேரத்துக்கு அளவே இல்லை. அதை யாரும் ஹார்ட்கோர் என்றதில்லை. டென்மார்க் ஆய்வாளர் ஜெஸ்பர் யூல் கேஷுவல் ஆட்டங்களைப் பற்றி 2009இல் ஒரு புத்தகம் எழுதினார். இவ்வகை ஆட்டங்களை ஆடுகிறவர்கள் சும்மா பொழுதுபோக்காக எப்போதாவது தொட்டுப் பார்க்கிறவர்கள் என்ற நினைப்பு தவறு, அவர்களில் பலர் மிகுந்த ஈடுபாட்டோடு நெடுநேரம் ஆடுகிறார்கள் என்று அதில் காட்டினார். அவர் பிரித்துக் காட்டிய குணங்களில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கேஷுவல் ஆட்டத்தை எந்த நேரத்திலும் பாதியில் விட்டுப் போகலாம். தப்புச் செய்தால் அது பெரிதாகத் தண்டிக்காது.

இந்த இரண்டாவது குணத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு நல்ல சாட்சி, ஹார்ட்கோர் என்ற சொல்லையே தன் திரையில் எழுதி வைத்த ஓர் ஆட்டம். 2000இல் வெளியான டயாப்லோ 2ஐ ஒருமுறை முடித்தவர்களுக்கு ஹார்ட்கோர் முறையில் புதிய வீரனை உருவாக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அதே குகைகள், அதே பேய்கள், அதே வாள். மாறுவது ஒன்றுதான்: செத்தால் செத்ததுதான். வாரக்கணக்கில் வளர்த்த வீரன் ஒரே ஒரு அசட்டுத் துணிச்சலில் போய்விடுவான், திரும்ப வரமாட்டான். தப்பின் விலை ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதை முயன்று பார்த்தவர்களைக் கேட்டால், முன்பு ஓடிக் கடந்த வாசலில் இப்போது நின்று எட்டிப் பார்க்கிறோம் என்பார்கள்.

அந்த எட்டிப் பார்த்தலுக்கு மூளையில் ஒரு தடயம் உண்டு. நாம் தவறான பட்டனை அழுத்திய உடனே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், தலையின் முன்பக்க நடுப்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. 'ஐயோ' என்று நாம் உணர்வதற்கு முன்பே மூளை அதைக் குறித்துக்கொள்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்தே ஆராயப்படும் அலை இது. தப்புச் செய்தால் போகும் மதிப்பெண்ணைக் கூட்டியும் குறைத்தும் செய்யப்பட்ட ஒரு சோதனையின் முடிவு 2005இல் வெளிவந்தது. பட்டனும் அதேதான், தப்பும் அதேதான். இழப்பு பெரிதாக இருந்த சுற்றுகளில் அலையும் பெரிதாக எழுந்தது. அவுட் உண்டு என்று தெரிந்து மட்டை பிடிக்கிறவனுக்கும் ஒப்புக்குச் சப்பாணிக்கும் ஒரே பந்து ஒரே பந்தாக இருப்பதில்லை.

விலை அதிகம் என்றால் கடினம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு சரக்கு. 2018இல் வந்த செலஸ்ட் என்ற ஆட்டத்தில் மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். தாவுவது, தொங்குவது, காற்றில் ஒருமுறை பாய்வது. அவ்வளவே அவளுக்குத் தெரியும். ஆனால் மிகக் கடினம். ஒரே திரையில் ஐம்பது முறை, நூறு முறை செத்துவிழலாம். விழுந்தால் என்ன ஆகும்? கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். கையிலிருந்து எதுவும் பறிபோகாது. எத்தனை முறை செத்தோம் என்ற கணக்கை ஆட்டம் வைத்துக்கொள்ளும், அதை நினைத்து வெட்கப்படாதே, பெருமைப்படு என்றும் சொல்லும். வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாவே இல்லாமல் செய்துகொள்ளலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

இதன் எதிர்க்கரையில் ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2011இல் வெளியிட்ட டார்க் சோல்ஸ் நிற்கிறது. ஹிடெடாகா மியாசாகி இயக்கியது. எதிரியைக் கொன்றால் 'ஆன்மாக்கள்' சேரும். பொருள் வாங்கும் காசும் அதுதான், வலிமை ஏற்றும் முதலும் அதுதான். செத்தால் சேர்த்தது மொத்தமும் செத்த இடத்தில் கிடக்கும். கடைசியாக இளைப்பாறிய தீமூட்டத்திலிருந்து மறுபடி கிளம்பி, மறுபடி உயிர்பெற்றுவிட்ட எதிரிகளையெல்லாம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். வழியில் இன்னொரு முறை செத்தால் முதலாவது மூட்டை அழிந்தே போகும். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. வீட்டு வாசலில் யாராவது மணியடித்தால்கூட எதிரி காத்திருக்கமாட்டான்.

இத்தனை கொடுமையையும் ஏன் விரும்பி ஆடுகிறார்கள்? ஒரு சண்டையை உற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும். எதிரி வாளை ஓங்குகிறான். எந்தப் பக்கம் தோள் திரும்புகிறது, எவ்வளவு நேரம் ஓங்கியபடி நிற்கிறான் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். நம் வாள் ஒருமுறை கிளம்பிவிட்டால் பாதியில் மடக்க முடியாது. அந்த வீச்சு முடியும் வரை நாம் திறந்து கிடக்கிறோம். ஆகவே செத்தபின், எங்கே அவசரப்பட்டோம் என்று நமக்கே தெரிகிறது. அடி விழுந்த காரணத்தைப் படிக்க முடிகிறது. கரி ஒட்டிய பந்தைப் போல, சாவு கையில் சான்றோடு வருகிறது. காரணம் தெரியாமல் கொல்லும் ஆட்டமும் கடினமானதுதான். அதை ஹார்ட்கோர் என்று கொண்டாடுவதை நான் ஏற்கமாட்டேன். அது மோசமாகச் செய்யப்பட்ட ஆட்டம், அவ்வளவே.

செலஸ்டும் டார்க் சோல்ஸும் தண்டிப்பதில் ஒன்றுக்கொன்று எதிர்த் துருவம். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கயிறு இருக்கிறது. தப்பு யாருடையது என்பதில் இரண்டும் கறாராக இருக்கின்றன. செலஸ்டில் அபராதம் காலணா, டார்க் சோல்ஸில் சொத்து முழுவதும். ஆனால் அந்தத் தாவலை நீங்கள் கற்றுக்கொள்ளாமல், அந்த வீச்சை நீங்கள் தவிர்க்கப் பழகாமல், வேறு எதுவும் உங்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விடாது. சலுகை வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்டாலொழிய செலஸ்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

கேண்டி கிரஷ் இதில்தான் விலகிப் போகிறது. 2012இல் வந்த அந்த மிட்டாய் ஆட்டம் எளிமையானது என்று நினைப்பவர்கள் அதில் சில நூறு லெவல்கள் போய்ப் பார்க்கட்டும். வாரக்கணக்கில் ஒரே லெவலில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்து உயிரும் போனால் அரைமணி நேரத்துக்கு ஒன்றாக அவை திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்டனையும் உண்டு, கடினமும் உண்டு. ஆனால் இது பேரம் பேசும் கடை. இன்னும் இரண்டே ஜெல்லி மிச்சமிருக்கையில் நகர்த்தல்கள் தீர்ந்துவிட்டால், ஐந்து நகர்த்தல் கூடுதலாகத் தரட்டுமா என்று கேட்கும். அதற்கு ஒரு விலை சொல்லும். விலை கொடுக்க மனமில்லையா, நாளைக்கு ஆடுங்கள். மேலிருந்து விழும் மிட்டாய்களின் வரிசை நல்லபடி அமைந்தால் அதே ஆட்டத்தை ஆடியே தாண்டிவிடலாம். நீங்கள் கற்றதால் தாண்டினீர்களா, அதிர்ஷ்டமா, காசா என்பது கடைசிவரை துலங்காது. தப்புக்கும் தோல்விக்கும் நடுவில் ஒரு மூட்டம் இருக்கிறது. அந்த மூட்டம் பலருக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. வேலை முடிந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு இன்னொரு பரீட்சை வேண்டியதில்லை.

இதுவரை ஆட்டத்தைப் பற்றியே பேசினேன். ஒரே ஆட்டம் இரண்டு விதமாகவும் இருக்க முடியுமா? முடியும். டெட்ரிஸ்.

1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் அதை எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் எழுதினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவங்கள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கும். திருப்பி, நகர்த்தி, ஒரு வரிசையை இடைவெளியில்லாமல் நிரப்பினால் அந்த வரிசை மறையும். விளக்க இவ்வளவு போதும். 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் கருவியோடு சேர்த்து விற்றபோது, அதுவரை வீடியோ கேமையே தொடாதவர்களும் அதை ஆடினார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் பிரிக் கேம் என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைத் திரைப் பொம்மையும் இதன் நகல்தான். எங்கள் வீட்டில் இருந்ததில் இடது பட்டன் தேய்ந்து உள்ளே போயிருந்தது.

அதே 1989இல் வீட்டு டிவியோடு இணைக்கும் நின்டெண்டோ கருவிக்கும் ஒரு டெட்ரிஸ் வந்தது. அதன் அமெரிக்கப் பதிப்பு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும். கிணறு போன்ற ஆடுகளம் 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம். தொடக்க லெவலில் கட்டை ஒரு கட்டம் இறங்க 48 ஃபிரேம் ஆகும். அடிவரை வர 16 நொடி. தேநீர் உறிஞ்சிக்கொண்டே ஆடலாம். 18ஆம் லெவலில் ஒரு கட்டத்துக்கு 3 ஃபிரேம், 19இல் 2. 29ஆம் லெவலில் ஒன்றே ஒன்று. உச்சியிலிருந்து அடிக்கு மூன்றில் ஒரு நொடி.

இங்கே நம் உடம்பின் கணக்கு குறுக்கே வருகிறது. கண் ஒன்றைப் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ கால் நொடி வேண்டும். கட்டையைப் பார்த்தபின் யோசித்தால் காரியம் முடிந்துவிட்டிருக்கும். அதனால் அந்த வேகத்தில் ஆடுகிறவர்கள் இறங்கும் கட்டையை ஆடுவதில்லை. ஓரத்துப் பெட்டியில் காட்டப்படும் அடுத்த கட்டையை ஆடுகிறார்கள். அது உள்ளே வரும் முன்பே அதன் இடம் தீர்மானமாகியிருக்கும். அடுத்த தடை விரலில். பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் கட்டை 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம்தான் நகரும். 20 ஃபிரேமில் மூன்று, நான்கு கட்டம். செங்குத்தாய் நிற்கும் நீளக்கட்டை இடது சுவரைத் தொட 5 கட்டம் போக வேண்டும். போய்ச் சேராது. ஆகவே 29தான் மனிதர்களுக்கான எல்லை என்று ரொம்ப காலம் நம்பினார்கள். வடிவமைத்தவர்களும் அதற்கு மேல் யாரும் போவார்கள் என்று நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

ஆடியவர்கள் போனார்கள். அழுத்தி வைப்பதற்குப் பதில் கட்டை விரலை நடுங்கவிட்டு நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட தட்டல்கள் தட்டினார்கள். 2011இல் தோர் ஆக்கர்லண்ட் 30ஆம் லெவலுக்குள் நுழைந்தார். 2018 உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் 16 வயது ஜோசஃப் சேலி, ஏழு முறை வென்றிருந்த ஜோனஸ் நியூபாவரை இந்த நடுங்கு விரலால் தோற்கடித்தார். ஓரிரு ஆண்டுகளில் அதையும் விஞ்சும் உத்தி வந்தது. ஒரு கையின் கட்டைவிரல் பட்டன் மேல் அசையாமல் இருக்கும். மறுகையின் விரல்கள், தபலாக்காரர் விரலோட்டுவது போல, கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலரே எழும்பி வந்து விரலில் முட்டும். பட்டனை விரல் அழுத்துவதை விட்டுவிட்டு, விரலைப் பட்டன் வந்து அழுத்தும்படி செய்துவிட்டார்கள். முப்பது வருடமாகக் கையில் இருந்த பொருளை இப்படிப் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

2023 டிசம்பர் 21 அன்று ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன் 157ஆம் லெவலில் ஒரு வரிசையை நிரப்பியபோது திரை உறைந்து நின்றது. அந்த உயரத்தில் மதிப்பெண் கூட்டும் வேலை ஒரு ஃபிரேமுக்குள் முடியாமல் நிரல் தடுமாறிவிடும் என்று அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் முன்பே கணித்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த முதல் மனிதர் அந்தப் பையன். அதற்கு முன் ஏறக்குறைய 40 நிமிடம், பெரும்பகுதியும் உச்சியிலிருந்து அடிக்கு மூன்றில் ஒரு நொடி என்ற வேகத்தில், அவன் ஆடியிருந்தான். நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்க, கைகளைத் தன்னால் உணரவே முடியவில்லை என்று சொன்னதைப் பதிவில் பார்க்கலாம்.

பயிற்சி உள்ளே என்ன செய்கிறது என்பதற்கு டெட்ரிஸிலேயே சோதனைகள் உண்டு. டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ இருவரும் 1994இல் காட்டியது இது: கட்டையை எப்படிப் பொருத்துவது என்று மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதைவிடப் பட்டனைத் தட்டித் திரையிலேயே சுழற்றிப் பார்ப்பது விரைவானது, ஆடுகிறவர்கள் தேவைக்கு மேல் கட்டையைச் சுழற்றுவது அதனால்தான். விரலால் யோசிக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ரிச்சர்ட் ஹையர் குழுவினர், புதிதாக ஆடத் தொடங்கியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, சில வாரப் பயிற்சிக்குப் பின் மறுபடி செய்தார்கள். மதிப்பெண் ஏழு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மூளையின் மேற்பரப்பு செலவிட்ட குளுக்கோஸ் குறைந்திருந்தது. கை தேர்ந்தவர்கள் மூளையைக் கசக்குவதில்லை. எந்த வேலையை விட்டுவிடலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அப்படி மிச்சமான இடத்தில்தான் அடுத்த கட்டையைப் பற்றிய நினைப்பு குடியேறுகிறது.

ஆக டெட்ரிஸுக்குள் கேஷுவல், ஹார்ட்கோர் என்ற இரண்டு வீடுகள் இல்லை. ஒரே ஏணி. கீழ்ப்படி தரையோடு ஒட்டியிருக்கிறது, யாரும் ஏறலாம். 1989 பதிப்பின் மேற்படியை 34 வருடம் யாரும் தொடவில்லை. இன்று வரும் டெட்ரிஸ்களோ நமக்கு நிறைய விட்டுக்கொடுக்கின்றன. கட்டை எங்கே விழும் என்று நிழல் காட்டும். பிடிக்காத கட்டையை ஓரமாய் வைத்துக்கொள்ளலாம். ஏழு வடிவங்களும் ஒரு பையில் போட்டுக் குலுக்கியதுபோல வரும், அதனால் நீளக்கட்டை வெகுநேரம் வராமலே போகாது. 1989 பதிப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. முப்பது, நாற்பது கட்டை வரை நீளக்கட்டையே வராத காலம் ஆடுகிறவர்களுக்குப் பரிச்சயம். அதை அவர்கள் வறட்சி என்றே சொல்கிறார்கள். விவசாயி மாதிரி, வரும் என்று நம்பிப் பள்ளத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிப்பில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தினால் கிணறே திரையிலிருந்து மறைந்துவிடும். மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யோசித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு யோசித்து வைத்த கறார்!

இந்தக் கறாரை ஆட்டம் தராவிட்டால் மனிதர்கள் தாங்களே கொண்டுவருகிறார்கள். என் பெரியம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப்லெட்டில் ஸ்பைடர் சாலிடேர் ஆடுவார். நான்கு இனச் சீட்டும் கலந்த ஆட்டம், அதில் மிகக் கடினமானது. போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கத் திரையின் கீழேயே பட்டன் இருக்கிறது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன், "பாட்டி, அந்த பட்டன தட்டுங்க, திரும்பி வந்துரும்" என்றான்.

"வேணாம்டா. வச்சது வச்சதுதான். எடுத்து எடுத்து வச்சா அது ஆட்டமா?"

அவன் ராத்திரி கண் விழித்துத் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவன். அந்த ஆட்டங்களையே நிஜ ஆட்டங்கள் என்று நினைக்கிறவன். பாட்டியின் கையைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கேஷுவல் என்ற சொல்லை வீட்டுப் பெண்கள் ஆடுவது, வயதானவர்கள் ஆடுவது என்ற ஏளனத்தோடு சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபமே வரும். அவர்கள் ஆட்டத்தின் படத்தைப் பார்க்கிறார்கள், ஆடுகிறவரின் விதியைப் பார்ப்பதில்லை.

கிப்சனின் திரை உறைந்த பிறகும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. உறையும் கோளாறை நீக்கிய பதிப்பில் ஆடி, 2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்ட்டியாகா 255ஆம் லெவலைக் கடந்தார். லெவலை எண்ணி வைக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணுக்கு இடமில்லை, அதனால் எண்ணிக்கை சுற்றிக்கொண்டு 0க்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மூன்றில் ஒரு நொடியில் அடிக்குப் பாய்ந்த கட்டைகள் சட்டென்று நிதானித்தன. அடுத்த கட்டை உச்சியில் தோன்றி, 48 ஃபிரேம் அங்கேயே நின்று, ஒரு கட்டம் இறங்கியது.